512 எழுத்துக்கு இடம், வந்தது 536

மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: “கம்ப்யூட்டர் பத்தி எழுது, வேண்டாங்கல. ஆனா மெக்கானிக்கல்காரனுக்கும் புரியணும்.” நியாயம்தான். நம் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாலம் கட்டுகிறவர்களும் மோட்டார் செய்கிறவர்களும் நிறைய. ஆகவே எந்த பிராஞ்ச் ஆனாலும் முதல் வருஷத்தில் நாம் எல்லோரும் தொட்ட ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்: சி மொழி.

லேபின் அந்த நீலத் திரை யாருக்கும் மறந்திருக்காது. போர்லண்ட் கம்பெனியின் டர்போ சி++. 1990களின் தொடக்கத்துச் சரக்கு. நாங்கள் 2000க்குப் பிறகு உள்ளே வந்தவர்கள்; எங்களுக்கும் அதே நீலம்தான். ‘ஹலோ வேர்ல்டு’ முடிந்ததும் அடுத்த பயிற்சி, பெயரைக் கேட்டு வணக்கம் சொல்வது. ‘ஸ்கேன்எஃப்’ போட்டால் இனிஷியலோடு நின்றுவிடும். நடுவில் இடைவெளி வந்தால் அதற்கு மேல் படிக்காது. ‘எஸ். முருகேசன்’ என்று அடித்தால் ‘வணக்கம் எஸ்.’ என்று பதில் வரும். பக்கத்து சிஸ்டத்திலிருந்து சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்து, “கெட்ஸ் போடு தம்பி” என்பார். போட்டால் முழுப் பெயரும் வரும். எல்லோருக்கும் திருப்தி.

இது அந்த கெட்ஸின் வரலாறு.

சி மொழியில் நாம் எழுதுவது ஒரு பங்குதான். திரையில் எழுத, கீபோர்டிலிருந்து படிக்க, கோப்பைத் திறக்க என்று மொழியோடு கூடவே தயாராக வரும் ஒரு மூட்டை உண்டு. நம் புரோகிராம் ஓடும்போது துணைக்கு ஓடுவதால் அதை ரன்டைம் லைப்ரரி என்பார்கள். கெட்ஸ் அந்த மூட்டையில் ஒரு சின்னச் சாமான். நினைவகத்தில் ஒரு முகவரியைக் கொடுத்தால், வரி முடியும் வரை வருகிற எழுத்துகளை அந்த முகவரியிலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டே போகும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வழியும் கிடையாது. நாம் கொடுப்பது முகவரி மட்டும், அளவு அல்ல. இருபது எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு இருநூறு எழுத்து வந்தால், மிச்சம் நூற்றெண்பதும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் உட்காரும். இதில் ‘ஜாக்கிரதையாகப் பயன்படுத்தினால் சரி’ என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரே இருப்பவர் எவ்வளவு நீளமாக அடிப்பார் என்பது புரோகிராம் எழுதுகிறவர் கையில் இல்லை அல்லவா?

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. ஒரு ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு குமாஸ்தா. சொன்னதை மட்டும் அப்படியே செய்பவர், சொந்தமாக யோசிக்க மாட்டார். ஒரு மேஜையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு மேஜைக்குப் போகும்போது, எங்கே திரும்பி வர வேண்டும் என்பதைக் கையிலுள்ள சிலேட்டின் அடியில் குறித்துக்கொள்வார். சிலேட்டின் மேல் பாகம், வந்தவர் சொல்வதை எழுதிக்கொள்ள. வந்தவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனால்? எழுத்து கீழே இறங்கி, ‘திரும்ப வேண்டிய மேஜை’ என்ற குறிப்பின் மேலேயே எழுதிவிடும். வேலை முடிந்ததும் குமாஸ்தா சிலேட்டைப் பார்ப்பார். வந்தவர் சொன்ன கடைசி வார்த்தைகள்தான் இப்போது அங்கே இருக்கும். அது காட்டுகிற இடத்துக்குப் போவார். விவரமான ஆசாமியாக இருந்தால், அந்தக் கடைசி வார்த்தைகளை சிலேட்டின் மேல் பாகத்தையே காட்டும்படி அமைத்து, அங்கே தன் கட்டளைகளை எழுத வைத்திருப்பார். அப்புறம் ஆபீஸ் அவருடையது.

கம்ப்யூட்டரில் அந்த சிலேட்டுக்கு ஸ்டாக் என்று பெயர். இப்படி நிரம்பி வழிவது பஃபர் ஓவர்ஃப்ளோ.

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி சாதாரண ஆள் இல்லை. அவருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த முதல் பிடிபி-11 எந்திரத்தின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். இன்று காலையில் போனில் வந்து விழும் ‘குட்மார்னிங்’ படம் ஒன்றுக்குக்கூட அது காணாது. அந்த இடத்துக்குள் ஆபரேட்டிங் சிஸ்டமும் இருக்க வேண்டும், உபயோகிப்பவரின் புரோகிராமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு அரேயோடும் அதன் நீளத்தைச் சுமந்து செல்வது அன்றைக்கு ஆடம்பரம். ஆகவே 1970களின் தொடக்கத்தில் பிறந்த சி மொழியில் அரே என்பது நடைமுறையில் அதன் முதல் எழுத்தின் முகவரி, அவ்வளவுதான். அந்த வறுமையில் எடுத்த முடிவுக்காக ரிட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து 1978ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரியைப் படிக்கும் ஃபங்ஷன் ஒன்று வருகிறது. அதில் ‘இதற்கு மேல் படிக்காதே’ என்று ஒரு எல்லையும் கொடுக்க வேண்டும். வாத்தியார் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். மூட்டையில்தான் வேறு சாமான் கிடந்தது.

ஆபத்து தெரியாத காலம் என்றும் சொல்ல முடியாது. 1972ல் அமெரிக்க விமானப் படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தயாரித்த அறிக்கையில், அளவு பார்க்காமல் எழுதுவதைப் பயன்படுத்தி ஒரு சிஸ்டத்தையே எப்படிக் கைப்பற்றலாம் என்று விளக்கியிருக்கிறார். அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் எலியட் கம்பெனியில் டோனி ஹோர் அல்கால் மொழிக்குக் கம்பைலர் எழுதினார். அரேயைத் தொடும் ஒவ்வொரு தடவையும் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஓடும்போதே சோதித்துவிடும். சோதனைக்கு நேரம் செலவாகுமே, வேண்டுமானால் அணைத்துவைக்க வசதி செய்து தரட்டுமா என்று பிற்பாடு வாடிக்கையாளர்களைக் கேட்டார்களாம். ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டவே வேண்டாம் என்றார்கள். தங்கள் புரோகிராம்களில் எத்தனை தடவை எல்லை மீறுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980ல் டூரிங் விருது உரையில் ஹோர் இதைச் சொல்லிவிட்டு, மற்ற எஞ்சினீயரிங் துறைகளில் இந்த மாதிரி அடிப்படை முன்னெச்சரிக்கையை விட்டுவிடுவது எப்போதோ சட்ட விரோதம் ஆகியிருக்கும் என்று வருத்தப்பட்டார். சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

எட்டு வருஷம் கழித்து அந்த வருத்தம் வாசற்படிக்கு வந்தது.

1988 நவம்பர் 2, புதன்கிழமை மாலை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராக இருந்த 22 வயது ராபர்ட் டாப்பன் மாரிஸ், தான் எழுதிய ஒரு புரோகிராமை எம்.ஐ.டி.யின் எந்திரம் ஒன்றிலிருந்து இண்டர்நெட்டில் அவிழ்த்துவிட்டார். அது ஒரு எந்திரத்தில் நுழைந்து, அங்கிருந்து அடுத்ததற்குத் தானே தாவும். இதைப் புழு என்பார்கள். நுழைவதற்கு அதற்குப் பல வழிகள் தெரியும்: மெயில் அனுப்பும் புரோகிராமில் சோதனைக்காகத் திறந்து விட்டிருந்த ஒரு பின்கதவு, சுலபமான பாஸ்வேர்டுகள், ஒன்றையொன்று நம்பும் எந்திரங்கள். நமக்கு வேண்டியது இன்னொரு வழி. ‘ஃபிங்கர்’ என்று ஒரு சேவை அப்போது இருந்தது. இன்னார் இந்த எந்திரத்தில் இருக்கிறாரா என்று வெளியூரிலிருந்து கேட்டால் பதில் சொல்லும். அந்தக் காலத்து ‘லாஸ்ட் சீன்’. கேள்வியை வாங்கிக்கொள்ள அதில் 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாங்கிக்கொண்டது யார்? நம்ம கெட்ஸ்.

புழு அனுப்பிய ‘கேள்வி’ 536 எழுத்து. 24 அதிகம். அந்த 24க்குள் குமாஸ்தாவின் திரும்பும் முகவரி அடங்கிவிட்டது. முன்னாலிருந்த எழுத்துகளுக்குள் ஒரு குட்டிக் கட்டளை ஒளிந்திருந்தது: எனக்கு ஒரு ஷெல் திறந்து கொடு. ஷெல் கிடைத்துவிட்டால் எந்திரத்துக்குக் கட்டளையிடும் இடம் கிடைத்த மாதிரி. பெர்க்லி யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ் எந்திரங்களுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதே தந்திரத்தை சன் எந்திரங்களில் காட்டியபோது ஃபிங்கர் சேவை செத்து விழுந்ததே தவிர கதவு திறக்கவில்லை. ஸ்டாக்கின் அமைப்பு எந்திரத்துக்கு எந்திரம் மாறும். 24 எழுத்து எங்கே விழுகிறது என்பது அப்படி நுணுக்கமான கணக்கு.

புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஆனால் அதன் உள்ளேயே ஒரு கணக்குப் பிசகு. ஏற்கெனவே புழு இருக்கும் எந்திரத்தில் இன்னொன்று வந்தால், இரண்டில் ஒன்று விலகிக்கொள்ள வேண்டும். யாராவது போலிப் புழுவை வைத்து ஏமாற்றிவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு தடவை விலகாமலே இருக்கும்படி மாரிஸ் எழுதியிருந்தார். ஏழில் ஒன்று என்பது மிக அதிகம். ஒரே எந்திரத்தில் புழுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர, ராத்திரிக்குள் அவை மூச்சுத் திணறி நின்றன. பீதியில் பலரும் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதால், பெர்க்லியில் தயாரான மருந்து மெயிலில் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை! அன்று இணைப்பிலிருந்த எந்திரங்கள் சுமார் 60,000. அதில் பத்து சதவிகிதம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று போட்ட குத்துமதிப்புதான் இன்றுவரை எல்லாப் புத்தகத்திலும் வரும் 6,000 என்ற எண். நம் ஊருக்கு இந்தக் கவலையே கிடையாது. விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15ல்தானே.

1990 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் சிரகியூஸ் நகரில் மாரிஸ் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். ஜெயில் இல்லை. பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார். அவருடைய அப்பா, அவர் பெயரும் ராபர்ட் மாரிஸ்தான், பெல் லேப்ஸில் யூனிக்ஸின் பாஸ்வேர்டுப் பாதுகாப்புக்கு உழைத்தவர். சம்பவத்தின்போது அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம்.

பத்திரிகைகள் மாரிஸைப் பற்றி எழுதின. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு பணம் கொடுத்து, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘செர்ட்’ என்ற அவசர உதவி மையம் அதே மாதத்தில் வந்தது. ஃபிங்கர் புரோகிராமைத் திருத்தியது சின்ன வேலை: கெட்ஸை எடுத்துவிட்டு, அளவையும் கேட்டு வாங்கும் ‘எஃப்கெட்ஸ்’ போட்டார்கள். ஒரு வரி மாற்றம். எஃப்கெட்ஸ் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அதே மூட்டையில் பக்கத்திலேயே பல வருஷமாக இருந்தது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே கெட்ஸைத் தூக்கி வெளியே போட்டிருக்க வேண்டும் இல்லையா? சி மொழிக்கு அமெரிக்காவின் அதிகாரபூர்வத் தரநிலை 1989ல் வந்தது, புழு வந்து ஒரு வருஷத்தில். அதில் கெட்ஸ் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. 1999ல் அடுத்த பதிப்பு. அதிலும் இருந்தது. இது பாதுகாப்பானது அல்ல, தரநிலையில் இருக்கலாமா என்றே சிலர் கேட்கிறார்கள் என்று கமிட்டி தன் விளக்கக் குறிப்பில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, வருகிற வரி நம் கட்டுப்பாட்டில் இருக்கும் இடங்களில் வசதியானது, நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது என்று காரணம் சொல்லித் தக்கவைத்துக்கொண்டது. பிரேக் இல்லாத பஸ்ஸை, சமதரையில் ஓட்டும் வரை பரவாயில்லை என்று எஃப்சி கொடுத்த மாதிரி.

கமிட்டிக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. உலகம் முழுக்க எத்தனையோ புரோகிராம்களில் கெட்ஸ் இருந்தது. தரநிலையிலிருந்து எடுத்தால் அவையெல்லாம் புதுக் கம்பைலரில் ஏறாது. வங்கியிலும் தொழிற்சாலையிலும் பழைய கோடைப் பராமரிக்கிற யாருக்கும் இந்த பயம் புரியும். என் பிழைப்பும் அதுதான், எனக்கும் புரிகிறது. எஃப்கெட்ஸ் வரியின் கடைசியிலுள்ள ‘அடுத்த வரி’ எழுத்தையும் சேர்த்துக் கொடுக்கும், கெட்ஸ் அதை நீக்கிவிட்டுக் கொடுக்கும். அதனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு இடத்திலும் கையை வைக்க வேண்டும். இந்த அற்ப அசௌகரியத்தால்தான் வகுப்பறைகளும் கெட்ஸையே பிடித்துக்கொண்டு தொங்கின என்பது என் ஊகம். ஆனாலும் கமிட்டி செய்தது தப்பு என்றே நினைக்கிறேன். ஏறாத புரோகிராமை ஒரு நாளில் திருத்திவிடலாம். ஏறி, ஓடி, திறந்து கிடக்கும் புரோகிராமை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

2007ல் தரநிலைக்கு வெளியிட்ட திருத்தத்தில் கெட்ஸ் ‘இனிப் பயன்படுத்தாதீர்கள்’ பட்டியலில் போனது. 2011 டிசம்பரில் வெளிவந்த பதிப்பில்தான் அடியோடு நீக்கினார்கள். புழுவிலிருந்து எண்ணினால் 23 வருஷம். ரிட்சி அதே வருஷம் அக்டோபரில் இறந்துவிட்டார். இரண்டே மாதம், பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஐ.டி. நண்பர்கள் கையைத் தூக்குவார்கள்: “நாங்க சியை விட்டு எப்பவோ வந்தாச்சு. ஜாவா வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை.” பாதி உண்மை. 1995ல் அறிமுகமான ஜாவாவில், ஹோர் செய்த மாதிரியே, அரேயைத் தொடும்போதெல்லாம் ரன்டைம் எல்லையைப் பார்க்கும். மீறினால் புரோகிராமை நிறுத்தும், பக்கத்து வீட்டில் எழுத விடாது. மறந்துபோவது மற்ற பாதி. அந்த ரன்டைமும் ஒரு புரோகிராம்தானே? ஜாவாவின் ரன்டைமில் பெரும்பகுதி சி, சி++ மொழிகளில் எழுதியது. வெளியில் ஜாவா, உள்ளே அதே பழைய சிலேட்டு. 2013 பிப்ரவரியில் அதுதான் வெளிப்பட்டது. படங்களின் வண்ணத்தைக் கையாளும் ஒரு உள்பகுதியில், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே படிக்கவும் எழுதவும் வைக்கிற மாதிரி ஒரு படத்தைக் கொடுக்க முடிந்தது. பிரவுசரில் ஜாவா வைத்திருந்தவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், அவர் எந்திரம் அடுத்தவர் கைக்குப் போனது. திருடர்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மார்ச் 4ல் ஆரக்கிள் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. இதில் ஜாவாவில் எழுதிய ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. மொழியின் அடித்தளத்திலேயே ஓட்டை. அந்தக் கால பிரவுசர் ஜாவா இன்று இல்லை. ஆனால் மேலே உட்கார்ந்து நாம் எழுதும் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும்கூட அநேகமாக சி அல்லது சி++ மொழியில் எழுதிய ரன்டைம் மேல்தான் ஓடுகின்றன.

2019ல் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்புப் பிரிவு ஒரு கணக்குச் சொன்னது. வருஷா வருஷம் அவர்கள் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் இந்த நினைவகக் குளறுபடி ரகம்தான். இப்போது ரஸ்ட் என்று ஒரு மொழி. 2015ல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. எல்லை தாண்டுவதை ஓடும்போது பிடிப்பதோடு, ஒரு இடம் யாருக்குச் சொந்தம் என்ற வில்லங்கத்தைக் கம்பைல் செய்யும்போதே பார்த்துவிடும். வேகத்தில் சியோடு போட்டி போடுவதால், ரன்டைம் எழுதுகிறவர்களும் அடித்தளத்துக்கே அதை எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதுவதை இந்த மாதிரி மொழிகளுக்கு மாற்றியதில், பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவக ரகத்தின் பங்கு 2019ல் 76 சதவிகிதமாக இருந்தது 2024ல் 24 ஆகிவிட்டது என்கிறது கூகுள். பழைய கோடு எதையும் அவர்கள் மொத்தமாகத் திருப்பி எழுதவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

கெட்ஸ் என்ன ஆயிற்று? முழுசாகச் சாகவில்லை. லினக்ஸின் சி லைப்ரரிக்குள், பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே என்று, இன்னும் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, தங்கள் லேப்டாப்பில் 2024ல் வந்த ஜிசிசி 14 அல்லது அதற்குப் பிந்திய கம்பைலரில் அதை அப்படியே அடித்தால் புரோகிராம் ஏறாது. கெட்ஸ் என்று யாரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எஃப்கெட்ஸ் என்று சொல்ல வந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்கும்.